நூலும் நகரும் சித்திரமும்



சென்ற கோடை விடுமுறையில் என் பேத்தி எங்கள் இல்லத்தில் வந்து தங்கியிருந்தாள். பத்து வயதுச் சிறுமி. மாலை ஆறு மணியானால் கணினியின் முன் அமர்ந்துவிடுவாள். ஜப்பானியர் வரைந்த சித்திரத் தொடர் ஒன்று அதில் ஓடும். ஒரு சிறுவன், அவன் தோள்மீது ஒரு சிறு குரங்கு. சிறுவன் துறைமுகத்தில் நிற்பான், கப்பலில் செல்வான், எல்லை காண முடியாத புல்வெளியில் நடப்பான். நான் நாளிதழைப் படித்துக்கொண்டே கடைக்கண்ணால் பார்ப்பது வழக்கம். பல நாளாகியும் அவன் போய்க்கொண்டே இருந்தான். "இந்தப் பிள்ளை எங்கேதான் அம்மா போகிறான்?" என்று கேட்டேன். "அவனோட அம்மாவைத் தேடிப் போறான், தாத்தா. இத்தாலியிலேருந்து அர்ஜென்டினாவுக்கு" என்றாள்.

நாளிதழை மடித்து வைத்துவிட்டேன். அஃது எனக்குத் தெரிந்த கதை. 1980-களின் தொடக்கத்தில் நான் ஆசிரியப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தபோது, பேராசிரியர் ஒருவர் எங்களை ஒரு நூலைப் படிக்கச் சொன்னார். இத்தாலிய எழுத்தாளர் எட்மண்டோ தே அமீசிஸ் 1886-ஆம் ஆண்டு வெளியிட்ட 'குவோரே' என்பது அந்நூல். 'இதயம்' என்பது அச்சொல்லின் பொருள். தூரின் நகரத்துப் பள்ளி மாணவன் ஒருவனின் நாட்குறிப்பாக அமைந்தது அது. அதில் வரும் ஆசிரியர் மாதம் ஒரு கதையை மாணவர்க்கு அளிக்கிறார். மே மாதத்துக் கதையின் பெயர் 'அப்பென்னைன் மலையிலிருந்து ஆண்டீஸ் மலை வரை'. ஜெனோவா நகரத்துச் சிறுவன் மார்க்கோ, வேலை தேடிக் கடல் கடந்து சென்றபின் செய்தியே இல்லாமற்போன தன் தாயைத் தேடித் தனியே பயணம் செய்யும் கதை அது.

பேழையிலிருந்த பழைய ஆங்கில மொழிபெயர்ப்பை எடுத்துத் தூசி தட்டி, அவளுக்குத் தமிழில் சொல்லிச் சொல்லிப் படித்துக் காட்டினேன். இரண்டே இரவுகளில் கதை முடிந்தது. நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தேன். குழந்தை என் முகத்தைப் பார்த்து, "இவ்வளவுதானா, தாத்தா?" என்றாள்.

அவள் பார்த்த தொடர் 52 பகுதிகளைக் கொண்டது. வாரம் ஒன்றாக 1976-ஆம் ஆண்டு முழுவதும் ஜப்பானில் ஒளிபரப்பான தொடர். நூலில் நாற்பது ஐம்பது பக்கம் வரும் கதை, ஓராண்டு நீண்ட படமாகியிருக்கிறது. முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் நின்று, 'மூலநூல் கடல், படம் அதில் முகந்த கைந்நீர்' என்று கூறிவந்தவன் நான். என் பேத்திக்கோ மூலநூல் சிறியதாகவும் படம் பெரியதாகவும் தோன்றிவிட்டது. அவளுக்கு உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. அந்த விடையைத் தேடியதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

ஜப்பானியர் இவ்வகைப் படங்களை 'அனிமே' என்பர். நம் வீடுகளில் 'பொம்மைப் படம்' என்று சொல்லிக் குழந்தைகளை அதன்முன் அமர்த்திவிட்டுப் பெரியவர்கள் சமையற்கட்டுக்குப் போய்விடுகிறோம். போர்க்கருவிகளும் பொறி மனிதர்களும் நிறைந்த படங்கள் அவற்றுள் மிகுதி என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்த மரத்தில் வேறொரு கிளையும் உண்டு. 1974-ஆம் ஆண்டு 'ஆல்ப்ஸ் மலைச் சிறுமி ஹைடி' என்னும் தொடரோடு அது தழைக்கத் தொடங்கியது. அதன்பின் 1975 முதல் 1997 வரை நிப்பான் அனிமேஷன் என்னும் நிறுவனம் ஏறத்தாழ ஆண்டுக்கு ஒரு நூலாக, உலகத்தார் போற்றும் கதைகளை எடுத்துக்கொண்டு ஞாயிறு மாலை தோறும் வழங்கி வந்தது. ஒரு வீட்டார் ஒரே கதையோடு ஓராண்டு வாழ்வதென்றால் அது சிறிய செய்தியா? நம் ஊர்களில் முன்பு பாரதம் படிக்கும்போது மாதக்கணக்கில் கோயில் மண்டபத்தில் கூடியிருந்த மக்களை எண்ணிக்கொண்டேன்.

ஒரு நூலிலிருந்து மற்றொரு படைப்புத் தோன்றுவதைப் பற்றி நம் இலக்கண ஆசிரியர்கள் எண்ணாமல் விட்டாரில்லை. முதல்நூலின் வழியே வரும் நூலை வழிநூல் என்று பெயரிட்ட தொல்காப்பியர், தொகுத்தல், விரித்தல், தொகுத்தும் விரித்தும் செய்தல், மொழிபெயர்த்தல் என அதனை நால்வகைப் படுத்துகிறார். நன்னூலாரோ, வழிநூல் செய்பவன் முதல்நூலின் முடிபோடு ஒத்து நிற்கவேண்டும் என்று கட்டளையிட்டு, அதே மூச்சில், அவன் தான் வேண்டும் வேறுபாடுகளைச் செய்துகொள்ளவும் இடம் தருகிறார். முடிபு ஒத்தல், வேறுபாடு சேர்த்தல் என்னும் இரண்டு அளவுகோல்களும் படத்துக்கும் பொருந்துமா என்று பார்க்கலானேன். வியப்பு என்னவென்றால், நன்றாகவே பொருந்தின.

ஹைடியை எடுத்துக்கொள்வோம். சுவிட்சர்லாந்து நாட்டு அம்மையார் யோஹன்னா ஸ்பீரி 1880-ஆம் ஆண்டு எழுதிய கதை. தாய் தந்தையற்ற சிறுமி, ஊராரோடு ஒட்டாமல் மலைமேல் தனித்து வாழும் பாட்டனிடம் ஒப்படைக்கப்படுகிறாள். இத்தொடரை இயக்கியவர் இசாவோ தகஹாட்டா. பிற்காலத்தில் உலகப்புகழ் பெற்ற ஹயாவோ மியாசாகி, காட்சிகளின் அமைப்பை வரைந்து தந்தவர். 1973-ஆம் ஆண்டிலேயே இவர்களும் ஓவியர் யோயிச்சி கொத்தாபேயும் சுவிட்சர்லாந்துக்கே சென்று மலையையும் குடிசையையும் நேரிற் கண்டு வந்தனர். குழந்தைகள் பார்க்கும் பொம்மைப் படத்துக்காக இத்தனை உழைப்பா என்று கேட்கத் தோன்றும். பாட்டன் பாலாடைக்கட்டியைத் தீயில் வாட்டும்போது அது பொன்னிறமாகி இளகுவதை அவர்கள் எவ்வளவு பொறுமையாக வரைந்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்தபின் அந்தக் கேள்வி எழாது. ஸ்பீரி அம்மையார் ஒரு வாக்கியத்தில் சொன்னது அது. அதைக் கண்ட ஜப்பானியச் சிறுவர்க்கு, அதுகாறும் சுவைத்தறியாத உணவின்மேல் நாவூறியிருக்கும்.

வேறுபாடுகளும் உண்டு. நூலில் வராத ஒரு பெரிய நாய் பாட்டனின் குடிசைவாயிலில் படுத்திருக்கிறது. நூலில் ஆடு மேய்க்கும் பீட்டர், பொறாமையினால் நோயாளிச் சிறுமி கிளாராவின் சக்கர நாற்காலியை மலைச்சரிவில் தள்ளி உடைக்கிறான். படத்தில் அந்தக் குற்றம் அவனுடையதாக இல்லை. ஸ்பீரியின் நூலில் ஓங்கி நிற்கும் சமய போதனையும் படத்தில் அடங்கிய குரலாகிவிடுகிறது. பீட்டரின் குற்றத்தை நீக்கியதில் எனக்கு முழு உடன்பாடில்லை. குழந்தைகளும் பொறாமைப்படுவார்கள், பின்னர் அஞ்சுவார்கள். அந்த அச்சத்தை ஸ்பீரி உண்மையாக எழுதியிருக்கிறார். எனினும் கிளாரா தன் கால்களால் நிற்கிறாள், பாட்டன் மீண்டும் மனிதரோடு சேர்கிறார். முடிபு ஒத்திருக்கிறது.

முடிபைக் காப்பது எளிதென்று எண்ணிவிடாதீர்கள். ஊயிடா என்னும் புனைபெயர் கொண்ட ஆங்கில எழுத்தாளர் 1872-ஆம் ஆண்டு 'பிளாண்டர்ஸ் நாய்' என்றொரு கதை எழுதினார். பெல்ஜிய நாட்டு ஆண்ட்வெர்ப் நகருக்குப் பால் கொண்டுசென்று பிழைக்கும் ஏழைச் சிறுவன் நெல்லோ. அவனுடைய நாய் பத்ராஷ். ஓவியனாக விரும்பும் அவன், பேராலயத்தில் ரூபன்ஸ் தீட்டிய ஓவியங்களைக் காண ஏங்குகிறான். அவை திரையிட்டு மூடப்பட்டிருக்கின்றன. திறந்து காட்டக் காசு வேண்டும். காசில்லை. இறுதியில் ஒரு கிறிஸ்துமஸ் இரவில், நிலவொளியில் அந்த ஓவியங்களைக் கண்டபின், குளிராலும் பசியாலும் நாயை அணைத்தபடியே ஆலயத்துள் இறந்துபோகிறான். இக்கதையை எடுத்த அமெரிக்கத் திரைப்படங்கள் சிறுவனைப் பிழைக்க வைத்துவிட்டன. குழந்தைகள் அழுவார்களே என்னும் இரக்கம் போலும்! 1975-ஆம் ஆண்டு ஜப்பானியத் தொடரோ, 52 வாரம் அவனோடு பழகிய குழந்தைகளின் கண்முன் அவனை இறக்கவிட்டது. வானவர் இறங்கிவந்து சிறுவனையும் நாயையும் ஏந்திச் செல்வதாக ஒரு காட்சியைச் சேர்த்ததோடு சரி. ஜப்பானில் ஒரு தலைமுறையே அதைக் கண்டு அழுதது. பின்னர் அக்குழந்தைகள் பெரியவர்களாகி ஆண்ட்வெர்ப்புக்குச் சென்று, 'நெல்லோ இறந்த ஆலயம் எது?' என்று கேட்டபோது, அந்த ஊரார் பலர் விழித்தனராம். அக்கதை அங்கே அவ்வளவாக வழங்கவில்லை. 2016-ஆம் ஆண்டு பேராலயத்தின் முன்னே, தெருக்கற்களையே போர்வையாகப் போர்த்துச் சிறுவனும் நாயும் உறங்குவது போன்ற சிற்பம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். ஆங்கிலேயர் எழுதி, ஜப்பானியர் வரைந்து, பெல்ஜியத்தார் சிலை வைத்த கதை!

இனி மார்க்கோவுக்கு வருகிறேன். இதனையும் இயக்கியவர் தகஹாட்டாவே. தே அமீசிஸின் கதையில் தாய் போவதும், கடிதம் நின்றுபோவதும், மகன் புறப்படுவதும் சில பக்கங்களிலேயே முடிந்துவிடும். கப்பல் பயணம் 27 நாள் என்று ஆசிரியர் எண்ணிச் சொல்கிறார். ஆனால் நாம் அதை ஒரு மூச்சில் கடந்துவிடுகிறோம். தொடரிலோ கப்பல் புறப்படுவதே பதினைந்தாம் வாரத்தில்தான். அதுவரை அந்தப் பிள்ளை என்ன செய்கிறான்? புட்டி கழுவுகிறான். சம்பள நாளை எதிர்நோக்குகிறான். தாயிடமிருந்து கடிதம் வரவில்லை என்று தந்தையோடு சினந்து பேசுகிறான். பின்னர் மன்னிப்புக் கேட்கிறான். ஊரூராய்ப் பொம்மலாட்டம் நடத்திப் பிழைக்கும் ஒரு குடும்பத்தோடு பழகுகிறான். அக்குடும்பம் நூலில் இல்லை. ஏழைகளுக்கென்று மருத்துவமனை நடத்திக் கடன்பட்ட தந்தையும் படத்தார் சேர்த்ததே. நூலில் 13 வயது மார்க்கோ, படத்தில் இன்னும் சிறியவன்.

சேர்த்தவையெல்லாம் வெறும் இட்டு நிரப்பல் என்றே முதலில் எண்ணினேன். தொடரை முதலிலிருந்து பேத்தியோடு அமர்ந்து பார்த்தபின்தான் தெளிவு பிறந்தது. தே அமீசிஸின் மார்க்கோ பள்ளிப் பிள்ளைகளுக்கு எடுத்துக்காட்டாகப் படைக்கப்பட்டவன். அவனுடைய துணிவைக் கண்டு மற்றவர் கற்கவேண்டும். ஆசிரியன் என்ற முறையில் எனக்கு அவன் மிகவும் பிடித்தவனாக இருந்ததும் அதனாலேயே. தகஹாட்டாவின் மார்க்கோ சிணுங்குவான். உதவி செய்பவரிடமே முரண்டுபிடிப்பான். ஒரு சில வாரங்களில் நமக்கே அவன்மேல் சலிப்பு உண்டாகும். அவன் ரோசாரியோவில் கையில் காசில்லாமல் நிற்கும்போது, இத்தாலியிலிருந்து பிழைக்க வந்த ஏழைகள் தம் பையிலிருந்து ஆளுக்குச் சிறிது எடுத்துத் தருகிறார்கள். நூலிலும் உள்ள இடந்தான் அது. ஆனால் பதினான்கு வாரம் அவன் புட்டி கழுவிச் சேர்த்த காசை நாமும் எண்ணியிருக்கிறோம் அல்லவா? ஒரு காசு என்றால் என்ன என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. அதன்பின் அந்தத் தொழிலாளியின் கை பைக்குள் போகும்போது நெஞ்சு அடைக்கிறது. விரித்தல் என்று தொல்காப்பியர் சொன்னதன் பயனை, சொல்லவே நாணமாக இருக்கிறது, என் அறுபதுகளில் ஒரு பொம்மைப் படத்தைக் கண்டே உணர்ந்தேன். அந்தக் குரங்கு மட்டும் இல்லாதிருக்கலாம். சிறுவர்க்கு வேடிக்கை காட்ட வந்தது அது. இதை நான் சொன்னபோது பேத்தி இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

இங்கே நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் ஞாயிறு காலையில் தூர்தர்ஷனில் 'ஜங்கிள் புக்' என்னும் சித்திரத் தொடர் இந்தியில் வந்தது. உங்களுட் பலர் கண்டிருப்பீர்கள். கிப்ளிங் 1894-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலின் வழிவந்தது. அதையும் ஜப்பானில் நிப்பான் அனிமேஷன் நிறுவனமே 1989-இல் வரைந்தது. நம் நாட்டு மத்திய மாகாணத்துக் காட்டை இங்கிலாந்து நாட்டார் எழுத, ஜப்பானியர் வரைய, இந்தி பேசிக்கொண்டு அது எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது. என் மாணவர்களில் ஒருவருக்கும் இந்தி தெரியாது. ஆயினும் மௌக்லியைத் தெரியாதவர் ஒருவருமில்லை.

அவ்வாண்டு அதே கதையின் சுருக்கம் ஒன்றை எட்டாம் வகுப்புக்கு வாசிப்பு நூலாக வைத்திருந்தேன். ஐம்பது பக்கத்துக்குள் அடங்கிய நூல். தேர்வில், 'காட்டில் மௌக்லிக்கு வாய்த்த நண்பர்களைப் பற்றி எழுதுக' என்று ஒரு வினா. வகுப்பில் ஒரு பையன் இருந்தான். எதைக் கேட்டாலும் மூன்று வரிக்கு மேல் எழுதமாட்டான். அன்று இரண்டு பக்கம் எழுதியிருந்தான். கரடி, கருஞ்சிறுத்தை, மலைப்பாம்பு எல்லாம் சரியே. பின்னர் ஒரு பக்கம் முழுவதும், சிவந்த மயிரடர்ந்த ஒரு சிறு விலங்கைப் பற்றி எழுதியிருந்தான்: அதற்குத் தாய் தந்தை இல்லை, மௌக்லிக்கும் இல்லை, ஆகையால் இருவரும் சேர்ந்தே திரிகிறார்கள் என்று. எங்கள் நூலில் அப்படி ஒரு விலங்கே இல்லை. கிப்ளிங்கின் மூலத்திலும் இல்லை. அந்தப் பக்கத்தின் குறுக்கே சிவப்பு மையால் ஒரு கோடிட்டு, 'நூலில் உள்ளதை மட்டும் எழுது' என்று குறித்தேன். விடைத்தாள்களைத் திருப்பித் தரும்போது வகுப்பிலும் அதைப் படித்துக் காட்டினேன். மற்றப் பிள்ளைகள் சிரித்தனர்.

அந்த விலங்கு, ஜப்பானியர் தாமாகச் சேர்த்த சிவப்புப் பாண்டா என்பதை மிகப் பிற்காலத்தில்தான் அறிந்தேன். இமயமலைச் சாரலில் வாழும் அதற்கு மத்திய இந்தியக் காட்டில் வேலையில்லை என்பது உண்மை. என் திருத்தத்தில் தவறில்லை. ஆனால் நான் அவன் கையில் கொடுத்த நூல் எது? கிப்ளிங்கை வெட்டிச் சுருக்கிய நூல். ஊரார் மௌக்லியைக் கல்லெறிந்து துரத்தும் இடம் அதில் இரண்டே வரி. மூலத்தில் பாதிக்கு மேல் வெட்டியவர்மீது எனக்குச் சினம் வரவில்லை. ஒரு சிறு விலங்கைச் சேர்த்தவர்மீது வந்தது. தொகுத்தலை நூல் என்று ஏற்ற நான், விரித்தலைக் குற்றம் என்று கண்டேன். மொழி புரியாத படத்தைக் கண்டு, தனித்து விடப்பட்ட இரண்டு உயிர்களின் உறவைத் தானே உய்த்துணர்ந்து எழுதிய பிள்ளை அவன். அதன்பின் அவன் என் வகுப்பில் மூன்று வரிக்கு மேல் எழுதியதில்லை.

எல்லா விரித்தலும் நன்றென்று நான் வாதிடவில்லை. பிரெஞ்சு எழுத்தாளர் எக்தர் மாலோவின் ரெமி என்னும் அநாதைச் சிறுவனின் கதையை 1996-இல் எடுத்தபோது, ரெமியைச் சிறுமியாக்கினார்கள். அந்தத் தொடர் 23 வாரத்திலேயே ஒளிபரப்பிலிருந்து நின்றது. ஞாயிறு மாலை வரிசையும் 1997-இல் அதனோடு ஓய்ந்துவிட்டது. நம் இராமாயணத்தையும் ஜப்பானியர் வரைந்திருக்கின்றனர். யூகோ சாகோ என்பவர் முயற்சியில், இந்தியச் சித்திரப்பட வல்லுநர் ராம் மோகனும் சேர்ந்து 1992-இல் உருவாக்கிய படம் அது. 2025 சனவரியில் தமிழ்க் குரலோடும் திரையரங்குகளுக்கு வந்தது. கண்ணுக்கு இனிய படம். காடும் கடலும் அழகு. ஆயினும் ஆறு காண்டங்களை இரண்டேகால் மணி நேரத்தில் அடக்கினால் என்ன ஆகும்? போர் நிற்கிறது, அசோகவனத்தில் சீதை காத்திருந்த காலம் நழுவிவிடுகிறது. நான் வகுப்பில் வைத்த சுருக்க நூலின் நினைவே எனக்கு வந்தது.

தகஹாட்டாவின் கடைசிப் படத்தைப் பற்றியும் ஒரு சொல். 2013-இல் வந்த 'இளவரசி ககுயாவின் கதை', ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட ஜப்பானியப் பழங்கதையின் வழிநூல். மூங்கிலுக்குள் கண்டெடுக்கப்பட்ட பெண், இறுதியில் நிலவுலகத்தார் வந்து அழைக்க, இவ்வுலக நினைவெல்லாம் இழந்து போய்விடுகிறாள். பழங்கதையில் அவள் மூன்றே மாதத்தில் வளர்ந்து மணப்பருவம் எய்திவிடுகிறாள். தகஹாட்டா அவளுக்கு ஒரு குழந்தைப் பருவத்தை வரைந்து கொடுத்தார்: மலையோரத்துப் பிள்ளைகளோடு ஓடுகிறாள், பழம் பறிக்கிறாள், விழுகிறாள். மெல்லிய கரிக்கோடுகளால் அவர் வரைந்த அந்த நாட்கள் இல்லையென்றால், முடிவில் அவள் இழப்பது இன்னது என்று நமக்குத் தெரிந்திராது. நன்னூலார் கேட்ட முடிபை அவர் காத்த வழி இது. அவர் 2018-ஆம் ஆண்டு மறைந்தார்.

கோடை முடிந்து பேத்தி ஊருக்குத் திரும்பினாள். 'குவோரே' நூலை என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். அவளுடைய ஆங்கிலத்துக்கு அது சற்றுக் கடினந்தான். சென்ற வாரம் தொலைபேசியில் பேசினாள். டிசம்பர் மாதத்துக் கதையைப் படித்துக்கொண்டிருக்கிறாளாம். தந்தையின் சுமையைக் குறைக்க இரவில் ஒருவருமறியாமல் எழுத்துவேலை செய்கிறான் ஒரு சிறுவன்; அதனால் படிப்பில் பின்தங்குகிறான்; உண்மை அறியாத தந்தையோ அவனைக் கடிந்து ஒதுக்குகிறார். அந்தக் கதை அது.

"அந்த அப்பாவுக்கு எப்போ தெரியும், தாத்தா?" என்று கேட்டாள். படித்துப் பார் என்றேன். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "இதுக்கும் படம் இருக்கா?" என்றாள். இருக்கிறது. 1981-இல் அந்நூலையே 26 பகுதிகளாக ஜப்பானில் எடுத்திருக்கிறார்கள். நான் இன்னும் பார்க்கவில்லை. அவள் அடுத்த விடுமுறைக்கு வரும்போது இருவருமாகப் பார்ப்பதென்று பேசி வைத்திருக்கிறோம்.